பழைய மருத்துவ, அறிவியல் கருவிகளைச் சேகரிப்பது எப்படி: முதல் பொருளை வாங்குவதற்கு முன்பிருந்தே ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் பித்தளை மைக்ரோஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு தவறு செய்தேன். கறுத்துப்போய், அங்கங்கே தேன் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. பாலிஷ் பசையும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் பளபளவென்று ஆகிவிட்டது. பெருமையோடு, முப்பது வருடமாக இதே பைத்தியமாக இருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல படிக்க இருந்ததையெல்லாம் துடைச்சுட்டீங்களே" என்றார்.

அந்தத் தேன் நிறம் அழுக்கில்லை. பட்டறையில் பித்தளையைச் சூடாக்கி, அதன்மேல் மெல்லிய தூரிகையால் இழுத்த அரக்குப் பூச்சு. அது எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் ஒருவர் தினமும் விரல் வைத்திருக்கிறார். எங்கே புதிதுபோல் இருக்கிறதோ அது யாரும் தொடாத இடம். கருவி எப்படிப் பயன்பட்டது, எந்தப் பாகம் பிறகு மாற்றப்பட்டது, மொத்தமும் ஒரே காலத்துப் பொருள்தானா என்று எல்லாமே அதில் எழுதியிருந்தது. நான் அரை நாளில் அழித்துவிட்டேன்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வாங்குவது பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். கருவியைப் படிப்பது பற்றித்தான் அதிகம்.

படி 1: எதைச் சேகரிக்கப் போகிறீர்கள்?

"பழைய கருவிகள்" என்று பொதுவாக ஆரம்பிப்பவர்கள் இரண்டே வருடத்தில் ஒரு பழைய சாமான் கிடங்கோடு நிற்பார்கள். அகலக்கால் வைக்க வேண்டாம். ஏதாவது ஒரு கோணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கருவி காலப்போக்கில் எப்படி மாறியது என்று போகலாம். ஒரே தயாரிப்பாளரைத் தொடரலாம். கண், காது, பிரசவம் என்று ஒரு துறைக்குள் இருக்கலாம். அளப்பது என்ற ஒரே வேலையைச் செய்யும் எல்லாவற்றையும் சேர்க்கலாம்: தெர்மாமீட்டர், பாரோமீட்டர், தராசு, கோணமானி.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, 19ஆம் நூற்றாண்டு மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகள். மூன்று அங்குல நீளம், ஓர் அங்குல அகலக் கண்ணாடித் துண்டு. ஈயின் நாக்கு, மரத்தின் குறுக்குவெட்டு, டயாட்டம் எனும் நுண்பாசி என்று ஏதாவது ஒன்று நடுவில் இருக்கும். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவற்றில் பலவற்றுக்கு வண்ண அச்சுத்தாள் ஒட்டி, கையெழுத்தில் பெயர் எழுதியிருப்பார்கள். சிறியது, இடம் பிடிக்காது, தவறினாலும் பெரிய இழப்பில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் பெஞ்சமின் டான்சர் செய்த ஸ்லைடுகளில் பூச்சியோ செடியோ இருக்காது. ஒரு முழுப் புகைப்படத்தைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கிப் பதித்திருப்பார். வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒரு மனிதர். இவற்றைப் பார்த்த பிறகு இந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருவது கஷ்டம்.

கணக்குப் போடும் சறுக்குச் சட்டம் (ஸ்லைடு ரூல்) இன்னொரு நல்ல தொடக்கம். 1972ல் ஹெச்பி-35 கால்குலேட்டர் வந்ததும் பொறியாளர்கள் எல்லோரும் அதைத் தூக்கி மேசை இழுப்பறையில் போட்டார்கள். இன்றும் அந்த இழுப்பறைகளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

படி 2: ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள்

இதை யாரும் கேட்பதில்லை என்று தெரியும். நானும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அந்த ஆறு மாதத்தில் பழைய வணிகப் பட்டியல்களைப் படியுங்கள். அறுவைக் கருவி செய்தவர்கள் தங்கள் சரக்கு முழுவதையும் படம் போட்டு அச்சிட்டு விற்றார்கள். நியூயார்க்கின் ஜார்ஜ் டீமன் நிறுவனம் 1889ல் வெளியிட்ட பட்டியல் ஒரு தலையணை கனம் இருக்கும். இப்படிப்பட்ட பல பட்டியல்கள் மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் தெரியாத ஒரு கொக்கி கையில் கிடைத்தால் அதன் படம், பெயர், எண் எல்லாம் இவற்றில்தான் அகப்படும்.

அடுத்தது அருங்காட்சியகங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம், கேம்பிரிட்ஜின் விப்பிள், லைடனின் பூர்ஹாவ, ஃபுளோரன்ஸின் கலிலியோ அருங்காட்சியகம், லண்டன் அறிவியல் அருங்காட்சியகம். நேரில் போக முடியாவிட்டாலும் இவற்றின் சேகரிப்புகளை இணையத்தில் படத்தோடு தேடலாம். உண்மையான பொருளை நூறு முறை பார்த்த கண், போலியைப் பார்த்ததும் முதலில் ஓர் அசௌகரியத்தைத்தான் உணரும். காரணம் அப்புறம்தான் புலப்படும்.

படம் மட்டும் போதாது, கையும் பழக வேண்டும். ஏலத்துக்கு முந்தின நாள் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும் போய் எடுத்துப் பாருங்கள். கனமும் திருகு சுழலும் மென்மையும் எந்தப் படத்திலும் வராது.

படி 3: காலத்தைக் கண்டுபிடிப்பது

விற்பவர் "1850" என்பார். கருவி என்ன சொல்கிறது என்று நீங்கள் பாருங்கள்.

*கைப்பிடி.* அறுவைக் கத்தி, ரம்பம் என்றால் முதலில் பிடியைத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் தன் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867ல். அதன்பின் 1880களில் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் வழக்கம் பரவியது. கருங்காலியும் தந்தமும் எலும்பும் ஆவியைத் தாங்காது, வெடித்துப் பிளந்துவிடும். அதனால் அதற்குப் பிறகு வந்த கருவிகள் பிடி முதல் முனை வரை முழு உலோகமாக மாறின. வழுக்காமல் இருக்கக் குறுக்குநெடுக்காகக் கோடு கீறிய கருங்காலிப் பிடி என்றால், பொதுவாக அதற்கு முந்தையது.

பொதுவாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர்கள் பிணத்தையும் தவளையையும் அறுத்துப் பழகும் கருவிப்பெட்டிகளுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை. அவற்றில் கருங்காலிப் பிடி 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. "போர்க்கள மருத்துவரின் பெட்டி" என்று விற்கப்படுபவற்றில் நிறைய, யாரோ ஒரு கல்லூரி மாணவர் தவளை அறுத்த பெட்டிதான். வித்தியாசம் எளிது. கை கால் துண்டிக்கும் பெட்டியில் நீண்ட கத்தி, ரம்பம், எலும்பு வெட்டி, ரத்தத்தை நிறுத்தத் திருகி இறுக்கும் பட்டை எல்லாம் இருக்கும். மாணவர் பெட்டியில் சின்னக் கத்திகள், இடுக்கி, கொக்கிச் சங்கிலி, அவ்வளவுதான்.

*முலாம்.* நிக்கல் முலாம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பரவலானது. குரோமியம் முலாம் 1920களில் வந்தது. வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிக்கலில் லேசான மஞ்சள் சாயலும் குரோமியத்தில் நீலச் சாயலும் தெரியும். துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லியின் கைவண்ணம், 1913. துருப்பிடிக்காத எஃகு என்று பொறித்த கத்தியோடு, 1860களில் நடந்த "அமெரிக்க உள்நாட்டுப் போர்" கதையும் சேர்ந்து வந்தால் கதைக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

*பொறித்த எழுத்துகள்.* ஜெர்மன் கருவிகளில் டி.ஆர்.பி. என்றிருந்தால் அது பேரரசின் காப்புரிமை. சட்டம் வந்தது 1877ல். டி.ஆர்.ஜி.எம். என்பது காப்புரிமையைவிடச் சிறிய ஒரு பதிவு, 1891ல் தொடங்கியது. பிரிட்டிஷ் பொருட்களில் பதிவு வடிவமைப்பு எண் மட்டும் தொடர்ச்சியாக வரும் முறை 1884ல் ஆரம்பமானது. அந்த எண்ணைக் கொண்டு ஆண்டையே கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1890ல் இயற்றப்பட்டது. அதனால் நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. பெயர் இல்லாததால் முந்தையது என்று சொல்ல முடியாது, எல்லாமே அமெரிக்காவுக்குப் போகவில்லையே.

தயாரிப்பாளரின் முகவரியும் பெரிய துப்பு. கடை இடம் மாறும்போது பொறிப்பும் மாறும். லண்டனின் ஜான் வைஸ் நிறுவனத்துக் கருவிகளில் ஸ்ட்ராண்ட் வீதி முகவரி இருந்தால் ஒரு காலம், ஆக்ஸ்ஃபோர்டு வீதி இருந்தால் அதற்குப் பிந்தைய காலம். பழைய வணிகர் முகவரிப் புத்தகங்களில் சரிபார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. பொறித்திருக்கும் பெயர் செய்தவருடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மொத்தமாக வாங்கித் தன் பெயரைப் பொறித்து விற்பது அன்றைக்கும் சாதாரண விஷயம்.

*திருகாணி.* கூட்டல் குறி போட்ட தலை 1930களுக்கு முன் கிடையாது. "1820" என்று சொல்லும் பொருளில் அப்படி ஒன்று இருந்தால் குறைந்தபட்சம் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். கையால் செய்த பழைய திருகாணியில் பள்ளம் நட்டநடுவில் இருக்காது, லேசாக ஒதுங்கியிருக்கும்.

ஸ்டெதாஸ்கோப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ரெனே லென்னெக் 1816ல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மார்பில் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் கேட்டார். பிறகு மரத்தில் கடைந்து செய்தார், தானே கடைசல் பிடித்து. ஓர் அடி நீள உருளை, பிரித்து மாட்டும் துண்டுகள். அப்படி ஒன்று உங்களுக்குச் சந்தையில் கிடைக்கப்போவதில்லை. கிடைப்பது எக்காளம் போன்ற மரக்குழல். 1895ல் அடோல்ஃப் பினார் கொண்டுவந்த, வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல் இன்றும் செய்யப்படுகிறது, இன்றும் மருத்துவச்சிகள் பயன்படுத்துகிறார்கள். போன மாதம் கடைந்ததை லேசாகக் கறுப்பேற்றி "1860" என்று விற்பது சிரமமே இல்லை. காது வைக்கும் தட்டின் ஓரத்தைப் பாருங்கள். நூறு வருடம் காது பட்ட மரம் அங்கே மட்டும் வழவழப்பாக, கொஞ்சம் கூடுதல் கறுப்பாக இருக்கும். மொத்தமும் ஒரே கறுப்பு என்றால் அது சாயம்.

படி 4: கையில் எடுத்துச் சோதிப்பது

பையில் வைத்திருக்க வேண்டியவை நான்கு: பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், ஒரு காந்தம், ஓர் அளவு நாடா. காந்தம் எதற்கென்றால், பித்தளை என்று சொல்வது பித்தளை முலாம் பூசிய இரும்பா என்று பார்க்க.

ஒரு மைக்ரோஸ்கோப் உங்கள் முன் மேசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியை விடுங்கள், முதலில் பெட்டி. உள்ளே சின்னச் சின்ன மரக்கட்டைகளும் துளைகளும் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு துணைப்பாகத்தின் வீடு. எத்தனை வீடு காலி என்று எண்ணுங்கள். கருவி அந்த இடத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வேறொன்றின் பெட்டி. அடிப்பாகத்தில் வரிசை எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஸைஸ், லைட்ஸ் போன்ற ஜெர்மன் நிறுவனங்களுக்கு அந்த எண்ணை வைத்தே ஆண்டைக் கிட்டத்தட்டச் சொல்லலாம்.

பிறகு பெரிய குமிழைத் திருப்புங்கள். பல்சக்கரம் எங்காவது குதித்தால் பல் உடைந்திருக்கிறது. குழாய் தானாக இறங்கினால் தேய்மானம், அதைச் சரிசெய்யலாம். பொருளருகு லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். சிலந்தி நூல் போல் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிற வளையமோ மஞ்சள் திட்டோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பிசின் விலகியிருக்கிறது. இந்த லென்ஸின் மரையையும் கவனியுங்கள். 1858ல் லண்டன் மைக்ரோஸ்கோப் சங்கம் ஒரு பொது மரை அளவை நிர்ணயித்தது, அது இன்றுவரை நீடிக்கிறது. அதனால் பெரும்பாலும் ஒரு நிறுவன லென்ஸ் இன்னொன்றின் கருவியிலும் பொருந்தும். பயன்படுத்துபவருக்கு வசதி, சேகரிப்பவருக்குத் தலைவலி: முக்கால்வாசிக் கருவிகளில் லென்ஸ் மாறிப்போயிருக்கும். லென்ஸ்மேல் உள்ள பெயரும் உடம்பில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் ஒதுக்க வேண்டாம், அந்த அளவுக்கு மதிப்பைக் குறைத்துக்கொண்டால் போதும்.

அறுவைப் பெட்டியில் நான் தேடுவது துருவின் நிழல். நூறு வருடம் ஒரே இடத்தில் கிடந்த எஃகுக் கத்தி, அடியில் இருக்கும் வெல்வெட்டில் தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்துவிடும். கத்தியைத் தூக்கி அந்த நிழலோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அந்தக் கத்தி அந்தப் பெட்டியிலேயே பிறந்தது. நிழல் வளைந்தும் கத்தி நேராகவும் இருந்தால் யாரோ ஒரு கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் அதற்கு அப்படித்தான் பெயர்.

ரத்தம் குத்தி எடுக்கும் பித்தளைப் பெட்டி இன்னொரு விருந்து. உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே ஒரு நெம்புகோல், பக்கத்தில் ஒரு பொத்தான். நெம்புகோலை இழுத்துப் பொத்தானை அழுத்தினால் அடியில் உள்ள கீறல்கள் வழியே பத்துப் பன்னிரண்டு சின்னக் கத்திகள் ஒரே நொடியில் அரைவட்டம் அடித்து மறுபக்கம் மறையும். அப்புறம் சூடேற்றிய கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் ரத்தம் உறிஞ்சப்படும். மேலே உள்ள திருகு, வெட்டின் ஆழத்துக்கு. விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை இயக்கிப் பாருங்கள், போதும். சுருள்வில் பழையது. வைக்கும்போது வில்லைத் தளர்த்தி வையுங்கள். கத்திகளில் கறை இருந்தால் அது என்ன கறை என்பது உங்களுக்கே தெரியும், கையுறை போடுங்கள்.

படி 5: போலிகள்

போலியில் மூன்று ரகம். அலங்காரத்துக்குச் செய்து, பின்னால் யாரோ பழையது என்று விற்பது. ஏமாற்றவே செய்தது. அப்புறம், அந்தக் காலத்திலேயே செய்த போலி.

மூன்றாவது ரகம் எனக்குப் பிடிக்கும். நிறப்பிறழ்ச்சி (உருவத்தின் ஓரத்தில் வண்ணம் சிதறுவது) குறைந்த தொலைநோக்கி லென்ஸுக்கு ஜான் டாலண்ட் 1758ல் காப்புரிமை பெற்றதும் அந்தப் பெயருக்கு ஏக மவுசு. உடனே ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, கடைசி உயிரெழுத்தில் O-வுக்குப் பதில் A போட்டுப் பொறித்த தொலைநோக்கிகள் சந்தைக்கு வந்தன. இன்று அவையும் பழம்பொருள்தான், அதற்குரிய மதிப்போடு.

முதல் ரகத்தில் எங்கும் நிறைந்திருப்பவை, கப்பலில் திசையறியப் பயன்பட்ட பித்தளைக் கோணமானிகள் (செக்ஸ்டன்ட்). கெல்வின் அண்ட் ஹியூஸ் என்ற பெயரும் 1917 என்ற ஆண்டும் சேர்த்துப் பொறித்தவை ஏராளம். அந்த இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனமாக இணைந்ததே 1940களில்தான். 1917ல் அந்தப் பெயரை யார் பொறித்திருக்க முடியும்? பெயர் தெரியாதபோதும் ஒரு சோதனை கைகொடுக்கும். அதில் நகரும் சிறு அளவுகோலான வெர்னியரின் பூஜ்யத்தை முதன்மை அளவுகோலின் பூஜ்யத்தோடு பொருத்துங்கள். வெர்னியரின் கடைசிக் கோடும் முதன்மை அளவுகோலின் ஏதோ ஒரு கோட்டோடு கச்சிதமாக நிற்க வேண்டும், நடுவில் உள்ளவை விலகியே இருக்க வேண்டும். கப்பலை நடத்தச் செய்த கருவி இந்தச் சோதனையில் தவறாது. அலமாரிக்குச் செய்த பொம்மைக்கு இது பற்றிக் கவலையே இல்லை, கோடுகள் சும்மா கோடுகள்.

அட்டைப்பூச்சி வைக்கும் பீங்கான் ஜாடிகள், மண்டையின் மேடுபள்ளம் பார்த்துக் குணம் சொல்லும் பீங்கான் தலைகள், இந்த இரண்டிலும் பிற்காலப் பிரதிகள்தான் அதிகம். ஆதாரம் கையில் இல்லாதவரை எல்லாமே பிரதி என்று எடுத்துக்கொள்வது நல்லது.

செயற்கையாகப் பழமை ஏற்றிய பித்தளையை எப்படிக் கண்டுகொள்வது? அமிலத்தில் தோய்த்ததென்றால் நிறம் எங்கும் ஒரே சீராக இருக்கும், திருகாணிப் பள்ளத்துக்குள்ளேயும். இயற்கையாக வயதானதில் ஒரு திருகாணியைக் கழற்றினால் அதன் தலை மறைத்திருந்த வட்டம் வெளிறி இருக்கும். விற்பவரின் அனுமதியோடு கழற்றிப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டோமே என்று யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. சிகாகோவின் ஆட்லர் கோளரங்கத்துக்காக ஆம்ஸ்டர்டாமின் அன்டன் மென்சிங்கின் சேகரிப்பு மொத்தமாக வாங்கப்பட்டது. அதில் சில போலி என்று பின்னால்தான் தெரிந்தது. ராபர்ட் விப்பிள் 1944ல் கேம்பிரிட்ஜுக்கு அளித்த சேகரிப்பிலும் அப்படிச் சில இருந்தன, அவர் கருவி செய்யும் நிறுவனத்தையே நடத்தியவர்.

படி 6: உடம்புக்கு ஆகாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

பாதரசம். 1896ல் ரிவா-ரோச்சி அறிமுகப்படுத்திய வகை ரத்த அழுத்தமானி, பழைய தெர்மாமீட்டர், பாரோமீட்டர் பலவற்றிலும் உண்டு. நீளமான குச்சி பாரோமீட்டரில் அடியில் திருகு இருந்தால், மெதுவாக இறுக்கி, மெதுவாகச் சாய்த்து, பாதரசம் உச்சி வரை ஏறிய பிறகே நகர்த்த வேண்டும். வட்ட முகப்புள்ள வகையைப் படுக்கவைக்கவோ தலைகீழாக்கவோ கூடாது, குழாயின் ஒரு முனை திறந்தது, கொட்டிவிடும். கொட்டினால் துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். அது ஆவியை வீடு முழுக்கப் பரப்பும். ஜன்னலைத் திறந்து, கையில் உள்ள தங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். விமானத்தில் கொண்டுபோக முயல வேண்டாம், பாதரசம் அலுமினியத்தை அரிக்கும்.

ரேடியம். இருட்டில் ஒளிர்ந்த பழைய திசைகாட்டி, கடிகார முகப்புகளில் இருக்கும். இப்போது ஒளிரவில்லை என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒளி தந்த துத்தநாகச் சேர்மம்தான் செத்திருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். 1920களில் தண்ணீரில் கதிரியக்கம் ஏற்றிக் குடிக்க விற்ற ஜாடிகளும் வரும். பார்க்க அழகு, நான் வாங்குவதில்லை.

மருத்துவரின் தோல்பையோடு புட்டிகள் வந்தால் மூடியைத் திறக்க வேண்டாம். ஆர்சனிக், ஓப்பியம் எதுவும் இருக்கலாம். குறிப்பாகப் பிக்ரிக் அமிலம். ஒரு காலத்தில் தீக்காயத்துக்குப் போட்டது. காய்ந்து படிகமாகிவிட்டால் அது வெடிபொருள், மூடியைத் திருகும் உராய்வே போதும். தொடாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மின்சாரக் கருவிகளைச் செருகிப் பார்க்காதீர்கள். துணி சுற்றிய கம்பியின் உறை தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். எக்ஸ்ரே குழாய் கண்ணாடியாக அலமாரியில் இருக்கும்வரை அழகு, ஒருநாளும் இயக்கக் கூடாது.

படி 7: சட்டம்

தந்தப் பிடி, ஆமை ஓட்டு உறை இருந்தால் எல்லை தாண்டும்போது அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் குறுக்கே வரும். எத்தனை பழையதானாலும் அனுமதிச் சீட்டு தேவைப்படலாம், சில நாடுகளில் விற்பனையே தடை. வாங்குவதற்கு முன்பு விசாரியுங்கள், சுங்கத்தில் பறிமுதலான பிறகு இல்லை. மனித எலும்பு, பதப்படுத்திய உறுப்பு எதையும் நான் தொடுவதில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அது ஒருவருடைய உடம்பு.

படி 8: வாங்குவது

ஏலம், பழம்பொருள் வணிகர், கண்காட்சி, ஓய்வுபெற்ற மருத்துவர் வீடு, காலி செய்யப்படும் ஆய்வகம். கடைசி இரண்டில்தான் கதையோடு கூடிய பொருள் கிடைக்கும். ஆனால் அங்கே விலை தெரியாதவர்களிடம் அடித்துப் பிடுங்காதீர்கள், அடுத்த கதவு திறக்காது.

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, உங்கள் உச்சத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் "இன்னார் பாணியில்" என்று இருந்தால் இன்னாருடையது இல்லை என்று அர்த்தம். இணையத்தில் வாங்கினால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், பொறிப்பின் அருகுப்படம், பெட்டியின் உட்புறம், குமிழ் சுழலும் காணொளி நான்கையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்கத் தயங்குங்கள்.

படி 9: துடைப்பதும் வைப்பதும்

முதல் வாரம் தூசி தட்டும் மென்மையான தூரிகையைத் தவிர வேறு எதுவும் கருவிக்கருகில் வரக் கூடாது. பித்தளைக்குப் பாலிஷ் வேண்டாம். அம்மோனியா கலந்த எதுவும் கூடவே கூடாது, பித்தளையில் விரிசல் விடவைக்கும். பச்சைக் களிம்பு மட்டும் பரவும் ரகமாக இருந்தால் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். எஃகில் சிவப்புத் துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் எடுத்து, அதன்மேல் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை லேசாகப் பூசுங்கள்.

லென்ஸில் முதலில் காற்று ஊதும் பந்து. தூசி இருக்கும்போதே துணியால் துடைத்தால் தூசியே கண்ணாடியைக் கீறும். கறுப்பு எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) பாகங்கள் வெளிச்சத்தில் பழுப்புப் பச்சையாக மாறி, கந்தக வாடை வீசும். தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். வெளிச்சம் படாமல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை, பக்கத்தில் வெள்ளிப் பொருளையும் வைக்க வேண்டாம்.

அலமாரியில் ஈரப்பதம் ஏறி இறங்காமல் பாதியளவில், ஐம்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. தோல் உறைக்குள் பித்தளையை வைத்துப் பூட்டாதீர்கள், தோலின் அமிலம் களிம்பு ஏற்றும். ஸ்பாஞ்ச் மெத்தை பத்து வருடத்தில் பிசுபிசுத்துக் கருவியில் ஒட்டிக்கொள்ளும். தராசு இருந்தால், நகர்த்தும்போது கோலைப் பூட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் அகேட் கல்லில் செய்த அதன் கத்திமுனை உடையும், அது போனால் தராசே போச்சு.

படி 10: பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். ஒட்டும் சீட்டு வேண்டாம், பசை கறையாகும். பருத்தி நூலில் கட்டிய சின்ன அட்டை போதும். பதிவேட்டில் எண், வாங்கிய தேதி, யாரிடமிருந்து எப்படி வந்தது, அளவு, எடை, பொறிப்பு எழுத்துக்கெழுத்து, குறைகள், செய்த பழுது. ஆறு பக்கமும் புகைப்படம். கூடவே வந்த கடிதம், ரசீது, மருந்துச்சீட்டு எதையும் எறியாதீர்கள். பதிவேட்டின் ஒரு நகல் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும், ரேடியம், பாதரசம் உள்ளவற்றின் பக்கத்தில் சிவப்புக் குறியோடு.

பழுது என்ற பகுதியில் பொய் எழுதக் கூடாது. என் பதிவேட்டின் முதல் பக்கத்தில், எண் 1, பித்தளை மைக்ரோஸ்கோப், பழுது என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: "மெருகேற்றியது நான், வாங்கிய அன்றே. அசல் அரக்குப் பூச்சு கண்ணாடித் தாங்கியின் பின்புறம் மட்டும் மிச்சம், சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். அங்கே துடைக்க வேண்டாம்."